சுக்கான் தட்டாத வீடு

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. சித்திரையில் திறக்கும், ஐப்பசியில் மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் மயிரிழைகூடத் தெரியாது. அது திறந்திருக்கும் மாதங்களில் நான் அதற்குள் தீக்குச்சி செருகிப் பார்ப்பேன். முதல் வருஷம் ஒரு குச்சி போனது. அடுத்த வருஷம் இரண்டு, அதற்கடுத்த வருஷம் நான்கு. மழை வந்ததும் சுவர் குச்சிகளோடு சேர்த்து மூடிக்கொள்ளும். மறு சித்திரையில் பார்த்தால் நசுங்கிய குச்சி ஒன்றோ இரண்டோ இருக்கும். மற்றவை எங்கே போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதைப் பேய்க்கதையாகச் சொல்ல எனக்கு ஆசையில்லை. அந்த வீடு ஏன் அப்படி ஆனது என்று ஊரே குழம்பிக்கொண்டிருந்தபோது எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் பயந்தேன். பயந்ததுகூடப் பரவாயில்லை, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். நான் வாயாடி என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பேர் வாங்கியவள். வேண்டாத இடத்திலெல்லாம் பேசிய வாய்தான் அது. பேச வேண்டிய ஒரே விஷயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கல்லலுக்கும் காரைக்குடிக்கும் இடையில் எங்கள் ஊர். நிலபுலம் உள்ள குடும்பம்தான், ஆனால் என் வீட்டுக்காரர் காரைக்குடியில் ஒரு மில்லில் குமாஸ்தா. காலை ரயிலுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பொதுவீட்டில் எங்களுக்கு ஒரே ஓர் அறை. மீதி வீடு முழுக்க அவருடைய சித்தப்பா குடும்பம். சித்தப்பாவின் மனைவி எனக்குச் சின்ன மாமியார் முறை. நான் தும்மினால்கூட அது ஏன் என்று விசாரிக்கிற பொம்பளை.

என் வீட்டுக்காரருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது அவருடைய அக்கா. எனக்கு மதினி. கல்யாணமான மூன்றாம் வருஷமே தாலியறுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், பிள்ளை கிடையாது. பகலெல்லாம் எங்கள் அறையில் வேலை செய்வார், இருட்டியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு நடுக்கூடத்துப் பட்டாசாலைக்குப் போய்விடுவார். அங்கே போக வர ஆள் நடக்கும். அத்தனை பேர் காலடியிலும் எழுந்து எழுந்து படுப்பார். பிறந்ததிலிருந்து அவருக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை.

அதனால் தனி வீடு கட்டலாம் என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "அக்காவுக்குன்னு ஒரு ரூம்பு. கதவு வச்சு." எனக்கும் அதில் மறுப்பில்லை. மதினி என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அந்த வீட்டில் எனக்காக முணுமுணுத்த ஒரே வாய் அவருடையதுதான்.

பாகத்தில் எங்களுக்கு இரண்டு மனை வந்திருந்தது. ஒன்று மேட்டில். கெட்டியான செம்மண், கொஞ்சம் தோண்டினாலே செம்பூராங்கல் பல்லைக் காட்டும். ஆனால் தண்ணீருக்கு அரைக்கல் தூரம் நடக்க வேண்டும். மற்றது பள்ளத்தில். பக்கத்திலேயே கிணறு, ரயிலடிக்குக் குறுக்குப் பாதை. சுற்றிலும் ஊர் முழுக்கச் சிவந்து கிடக்க, அந்தத் துண்டு மட்டும் சாம்பல் பூத்த கறுப்பு. அங்கே யாரும் எதுவும் விதைத்ததில்லை. ஏன் என்று கேட்டால் "அந்தக் காலத்துலருந்தே சும்மாதேன் கெடக்கு" என்பார்கள்.

எந்த மனை என்று முடிவு செய்ய, மனை பார்க்கிறவர் ஒருவரைப் பங்குனியில் அழைத்து வந்தோம். அவர் இரண்டு மனையிலும் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னார். பிறகு தோண்டிய மண்ணையே போட்டு மூட வேண்டும், மூடுகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். மண் மிஞ்சினால் அந்த மனை உத்தமம், சரியாக இருந்தால் சுமார், குறைந்தால் ஆகாது. நான்தான் மூடினேன். மேட்டு மனையில் மண் சரிக்குச் சரி. பள்ளத்து மனையில் குழி நிறைந்து, மேலே குமிந்து, இன்னும் ஒரு கூடை மிஞ்சியது. இரண்டாவது சோதனைக்கு அதே குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் வந்து பார்த்தோம். மேட்டில் ஒரு சொட்டு இல்லை. பள்ளத்தில் பாதிக் குழி அப்படியே நின்றது.

"லட்சுமி இங்கிட்டுத்தேன் உக்காந்திருக்கா" என்றார் மனை பார்க்கிறவர். என் கையால் மூடிய குழியில் மண் மிஞ்சியதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. சின்ன மாமியாரிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

வானம் என்று எங்கள் பக்கம் சொல்வது அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்தை. வைகாசிக் கடைசியில் வானம் தோண்ட ஆரம்பித்தார்கள். மார்பளவு போனதும் மண் மாறியது. கண்மாய் அடியில் கிடக்குமே கரம்பை, வழவழவென்று, அதே மண். கூடையில் அள்ளிக் கொட்டக் கொட்ட அதற்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள் உதிர்ந்தன. உச்சி வெயிலில் மேலே கால் வைக்க முடியவில்லை, குனிந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தால் முகத்தில் குளிர் அடித்தது.

அடுப்படி வர வேண்டிய மூலையில் கடப்பாரை கல்லில் பட்டது. பாறை தட்டிவிட்டது என்று ஆட்கள் சிரித்தார்கள். மண்ணை ஒதுக்கினால் அது செதுக்கிய கல். நடுவில் கால் பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் முன்தள்ளி, இன்னொரு கல். அதற்குக் கீழே இன்னொன்று. சிரிப்பு நின்றுவிட்டது. படிக்கட்டு.

மதினி ஆட்களுக்குக் கஞ்சியும் குடிக்கக் கும்பாக்களும் கொண்டு வந்திருந்தார். தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்து, "தண்ணிக்கு எறங்குற படி" என்று மெல்லச் சொன்னார். அங்கே ஊருணி இருந்ததாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எழுபது வயதுக்காரர்களைக் கேட்டோம், அவர்கள் தகப்பன் பாட்டன் சொல்லியும் கேட்டதில்லை என்றார்கள். எத்தனை ஆயிரம் கால்கள் மிதித்தால் கல் அப்படிக் குழியும்? அத்தனை கால்களும் இறங்கிய தண்ணீர் எங்கள் மனைக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது.

ஆட்கள் கஞ்சி குடிக்கப் புளியமரத்தடிக்குப் போனதும் கொத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளில் மராமத்து பார்த்துக் கை தேர்ந்தவர், சும்மா பேசுகிறவரில்லை.

"தாயி, மண்ணு மிஞ்சுதுன்னு சொன்னாகல்ல? கோடையில களிய வெட்டுனா கட்டி கட்டியா வரும். கட்டி எடம் அடைக்கும், மிஞ்சத்தேன் செய்யும். தண்ணி நின்னுச்சுன்னாக. களியில ஊத்துன தண்ணி எங்கிட்டுப் போகும்? இந்த மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இது மேல வீடு நிக்காது. நடக்கும்."

"இப்ப என்ன செய்யணும்கிறீக?"

"சுக்கான் தட்டுற வரைக்கும் போகணும். கடப்பாரையப் போட்டா 'டங்'குன்னு சத்தம் வரணும். அடியில சுக்காம்பாறை எங்குன இருக்கோ, அதுலருந்து கல்லு எடுத்துக் கட்டணும். இல்லையா, மேட்டு மனைக்கே போயிருங்க."

"எத்தன நாளாகும்?"

"ஒரு மாசம் கூட வச்சுக்கங்க."

ஒரு மாதம் என்றால் ஆனி போய் ஆடி வந்துவிடும். ஆடியில் வாசல் நிலை வைக்க மாட்டார்கள். அப்புறம் ஆவணிதான். ஆவணி வரை தள்ள எனக்கு வழியில்லை. ஏனென்றால் அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. வீட்டுக்காரி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்பது எங்களிடம் கண்டிப்பான வழக்கம். நிலை வைத்துவிட்டால் பிறகு நிறுத்த மாட்டார்கள். நிலை வைக்கும் முன்னால் தெரிந்துவிட்டால் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, அப்புறம்தான் பேச்சே எடுப்பார்கள். அதுவரை அந்த ஒற்றை அறை. சின்ன மாமியாரின் கண் முன்னால் பிரசவம், தீட்டு, எல்லாம். முதல் பிள்ளையை அங்கேதான் பெற்றுப் பறிகொடுத்தேன். இரண்டாவதை அங்கே பெறுவதற்கு எனக்குத் தெம்பில்லை. அதனால் நாள் தள்ளியதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

"போதும். இதோட கட்டுங்க" என்றேன்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை…"

"நான் சொல்லிக்கிறேன்."

கொத்தனார் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொன்னேன் தாயி. அது மட்டும் மனசுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை.

அதே மதியம் இன்னொன்றும் நடந்தது. நான் கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சின்ன மாமியார் பாதையில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் மதினி வானத்துக்குள்ளிருந்து ஏறிக்கொண்டிருக்கிறார். வெள்ளைச் சேலை முழங்கால் வரை கறுப்புச் சேறு. தாலியறுத்தவர்கள் வானம் தோண்டும் இடத்துக்கு வருவதே உசிதமில்லை என்பார்கள். உள்ளே கால் வைப்பதென்றால் கேட்கவே வேண்டாம். "கும்பா விழுந்துருச்சு, எடுத்தேன்" என்றார் மதினி. கையில் கும்பா இருந்தது. நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. என் கவலை எனக்கு.

ஆனியில் நிலை வைத்தோம். அதற்கு அடுத்த வாரமே மசக்கை என்று சொல்லிக்கொண்டேன். சின்ன மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருப்பார், ஆனால் நிலை நின்றுவிட்டது. மாசியில் மகள் பிறந்தாள், பிறந்த வீட்டில். அவளைத் தூக்கிக்கொண்டு வைகாசியில் புது வீட்டுக்குக் குடி போனோம். மதினி தன் அறைக் கதவை அன்று மட்டும் பத்துத் தடவையாவது சாத்திச் சாத்தித் திறந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

முதல் மழைக்கு வீடு அசைய ஆரம்பித்தது. தரையில் வைத்த செம்பு, யாரும் தொடாமல், அடுப்படி மூலையைப் பார்த்து உருண்டது. எடுத்து வைத்தால் மறுபடி அங்கேயே. எந்தப் பக்கம் வைத்தாலும் அந்த மூலைக்கே. கீழே படி இருக்கும் மூலை அது. சாமி படங்கள் ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்துக்கொண்டன. நேராக்கினால் இரண்டு நாளில் மறுபடி சாயும். கோடை வந்ததும் சத்தம் தொடங்கியது. ஊர் அடங்கிக் கிடக்கும் நடுப்பகலில், காக்கை கூடக் கத்தாத நேரத்தில், சுவருக்குள் யாரோ விரலைச் சொடுக்குவதுபோல ஒரு சத்தம். பிறகு ஒரு நாழிகை ஒன்றும் இருக்காது. நான் அரிவாள்மனையில் உட்கார்ந்தபடி அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பேன். காய் பாதி நறுக்கியபடியே கிடக்கும்.

அந்தச் சித்திரையில்தான் அடுப்படி வெடிப்பு வந்தது. செங்கல் வரிசையைத் தொட்டுத் தொட்டு, ஒரு கல் நேராக, ஒரு கல் கீழே என்று, அது படிப்படியாக இறங்கியது. நான் பார்த்ததும் சட்டியைப் போட்டுவிட்டேன். மண்ணுக்கடியில் எப்படி இருந்ததோ அப்படியே சுவரில் ஒரு படிக்கட்டு. செங்கல் சுவர் அடி இறங்கினால் வெடிப்பு அப்படித்தான் போகும் என்று கொத்தனார் பிற்பாடு சொன்னார். சொன்னால் என்ன? அடுப்பை மூட்டிவிட்டு நிமிர்ந்தால் கண்ணெதிரே அந்தப் படிகள். என் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு வானம் தோண்ட வைத்தவள் நான். வழக்கத்தை மீறியவளை மண் அறிந்துகொண்டதோ என்று தோன்றும். மகள் அந்தச் சுவரோரம் தத்தித் தத்திப் போனால் ஓடிப் போய்த் தூக்குவேன்.

அடுத்த ஐப்பசியில் அது நடந்தது. மூன்று நாள் விடாத மழை, அன்று மதியம்தான் கொஞ்சம் வெறித்திருந்தது. மதினி மகளைத் தூங்க வைக்கத் தன் அறைக்குக் கொண்டு போனவர், ஈரக் காற்று அடிக்கிறது என்று கதவைச் சாத்தினார். நான் சோற்றை வடித்துவிட்டுப் போய்த் தள்ளினால் கதவு வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. தோளைக் கொடுத்து இடித்தேன். சுவர் கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே மகள் வீரிட்டாள். பிறகு சட்டென்று அழுகை நின்றது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் கல்லோடு கல் உரசுவதுபோல ஒரு முனகல் கேட்டது. அந்த முனகலை நான் காதால் கேட்டேனா காலால் கேட்டேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். அவர்கள் கதவை நெம்பத் தொடங்கியபோதுதான் உள்ளிருந்து மதினியின் குரல் வந்தது, கத்தாமல், சாதாரணமாக. "கதவத் தட்டாதீக. செவரு உதிருது. புள்ளயக் கொண்டு மூலைக்கு வந்துட்டேன். நெலையோட மேல் கட்டைய மட்டும் அறுத்து எடுங்க."

அப்படியே செய்தார்கள். கதவு விழுந்தது. மதினி எதிர் மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தார், மகள் அவர் மடியில், சேலைத் தலைப்புக்குள். தலை முழுக்கச் சுண்ணாம்புப் பொடி. மகள் மேல் ஒரு துளி படவில்லை. சுவர் விழுந்தால் தன் முதுகில் விழட்டும் என்று அப்படிக் கவிந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்தது.

வாசலில் நின்ற சின்ன மாமியாருக்கு அது புரியவில்லை. "தாப்பா இல்லாத கதவ உள்ளருந்து பூட்டுனது யாரு?" என்று கேட்டார். கூட்டம் முழுக்க மதினியைத் திரும்பிப் பார்த்தது. அது போதுமாக இருந்தது.

ஒரு வாரத்துக்குள் கோடாங்கியிடம் குறி கேட்டுவிட்டு வந்தார்கள். பொட்டிழந்த கால் ஒன்று வானத்துக்குள் இறங்கியிருக்கிறது, அந்தக் கால் வீட்டுக்குள் இருக்கும்வரை மண் பொறுக்காது, அடுத்தது பிள்ளையைக் கேட்கும் என்று சொன்னாராம். சின்ன மாமியார் இதை எங்கள் வீட்டுக்கு வந்து, மதினி காதில் விழும்படிதான் சொன்னார். "நான் எம் கண்ணால பாத்தேன், சேறும் சகதியுமா ஏறி வந்தா" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மகள் பேரைச் சொல்லிவிட்டார்களே.

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொத்தனார் சொன்னதை அப்போது சொல்லியிருக்க வேண்டும். சுக்கான் தட்டவில்லை, நான்தான் போதும் என்றேன் என்று ஒரே வாக்கியம். சொன்னால், ஏன் அவசரப்பட்டாய் என்பார்கள். அடுத்து மாதக் கணக்கு வரும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிலை வைத்தவள் என்று தெரிந்தால் பழி மதினியை விட்டு என் மகள் மேல் வந்து உட்காரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் தலை தப்பினால் போதும் என்றிருந்தது.

மதினி ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அன்று மத்தியானமே டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டார். திருப்பத்தூரில் தூரத்து உறவு ஒன்று இருந்தது, அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்துகொண்டு பலகாரம் சுட்டுப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பி அழுதார். "நான் இங்குன இருந்தா ஒனக்குத் தூக்கம் வராதுப்பா" என்றார் அவரிடம். என்னிடம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ கேட்கப் போகிறவர்போல என் முகத்தையே பார்த்தார். நான் பிள்ளையின் மூக்கைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அவர் போன பிறகும் செம்பு உருண்டது. ஐப்பசிக்கு ஐப்பசி அந்த அறைக் கதவு இறுகியது, உள்ளே ஆள் இல்லாமலே. சித்திரைக்குச் சித்திரை அடுப்படிப் படிகள் திறந்தன. தோஷம் கழிய நாளாகும் என்று சொல்லிக்கொண்டார் சின்ன மாமியார். நான் தீக்குச்சி செருகிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், வெடிப்பு வராமல் இருந்துவிடாதா, கோடாங்கி சொன்னது நிஜமாகிவிடாதா, பழி எனக்கில்லை என்று ஆகிவிடாதா என்று வேண்டிக்கூடப் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. எழுபதுகள் பிறந்து, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, ஒரு பெருமழையில் அடுப்படிச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதே கொத்தனாரை அழைத்து வந்தார் என் வீட்டுக்காரர். நரைத்திருந்தார், பேச்சு மாறவில்லை. சுவரோரம் தோண்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே தாயிகிட்டச் சொன்னேனய்யா. சுக்கான் தட்டாமக் கட்டக் கூடாதுன்னு. அவுகதேன் போதும்னாக" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே என்ற நினைப்பில் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மில்லிலிருந்து வந்த சட்டையைக்கூடக் கழற்றவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "மொதல்ல சித்திகிட்டப் போய்ச் சொல்லு. அப்பறம் திருப்பத்தூர் போ" என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னோடு பேசவில்லை.

சின்ன மாமியாருக்கு அப்போது கண் மங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், நாள் தள்ளியதையும் சேர்த்து. வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "இருக்கட்டும்த்தா. அவ எறங்குனத நான் கண்ணால பாத்தேன்ல" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "ஆமா ஆமா" என்றார். அவர் மனதில் ஒன்றும் நகரவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் திருப்பத்தூர் போனேன். மதினி ஒரு பின்கட்டு அறையில் இருந்தார். சின்ன அறை, ஆனால் கதவு இருந்தது. வாணலியை இறக்கி வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. மகள் எந்த வகுப்பு என்று கேட்டார். பிறகு, அது ஏதோ உறவுக்காரர் சுகத்தைக் கேட்பதுபோல, "ஐப்பசியில அந்தக் கதவு இன்னமும் இறுகுதா?" என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். கொத்தனார் தனியாகக் கூப்பிட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்த்தா. மறந்து வச்ச ஒரு கும்பாவ எடுக்கத் திரும்பி வந்தேன், மண்ணுக் குவியலுக்கு அங்கிட்டு நின்னேன். நீங்க ரெண்டு பேரும் பேசுனது காதுல விழுந்துச்சு. நீ முழுகாம இருந்ததும் தெரியும். ஒரே ரூம்புல கெடக்குறோம், எனக்குத் தெரியாதா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"அதுக்குத்தேன் வானத்துக்குள்ள எறங்குனேன்" என்றார். "கொத்தனார் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்றாரோன்னு நெனச்சேன். அந்தக் கடைசிப் படிக்குப் பக்கத்துல கடப்பாரைய ஊனுனேன். சத்தமே வரல. அமுக்குனேன். போய்க்கிட்டே இருந்துச்சு. முழுக் கடப்பாரையும் போயிருச்சுத்தா, எம் பிடி மட்டுந்தேன் மிச்சம். அடியில யாரோ மெல்ல வாங்கிக்கிற மாதிரி இருந்துச்சு. அத உருவி எடுக்கத்தேன் அம்புட்டு நேரமாச்சு. அதுக்குள்ள அவுக பாத்துட்டாக. கும்பாவ நானாத்தேன் உள்ள போட்டு எடுத்தேன்."

"அப்பவே ஒங்க தம்பிகிட்டச் சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"சொன்னா வேல நின்னுருக்கும். மொதப் புள்ளைய அந்த ரூம்புல பறிகுடுத்துட்டு நீ கெடந்தத நான்தான பாத்தேன். இதையும் அங்குனயே பெறணுமான்னுதேன் இருந்துட்டேன்."

"சரி, அப்பறம்? கோடாங்கி சொன்னான்னு அவுக வந்து நின்னாகளே. அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல? நான் அங்கனதான நின்னேன்."

மதினி எழுந்து போய் அடுப்பை அணைத்தார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்த்தா. பஸ்ஸு வர்ற வரைக்கும் இருந்தேன்."

எங்களோடு வந்துவிடுங்கள் என்று கேட்பதற்காக வந்தவள் நான். அந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. குனிந்து அவர் அறையின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, எண்ணெய்ப் பிசுக்கேறிப் பளபளத்தது. ஓரத்தில் ஒரு செம்பு இருந்தது. அது உருளாமல் வைத்த இடத்திலேயே நின்றது.